டயாலிசிஸ் செய்பவரின் ரத்தத்தில் 'இதய எண்' கூடினால் பயப்பட வேண்டுமா?

உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ டயாலிசிஸ் போகிறார்களா? அப்படியென்றால் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து அவர்களுடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை நீங்கள் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பல எண்கள். பக்கத்திலேயே 'வழக்கமான அளவு' எவ்வளவு என்றும் போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் அடங்காத வரிகளே அதிகம்.

பழகியவர்கள் அதைக் கண்டு அசர மாட்டார்கள். "கிட்னி வேலை செய்யல, எல்லாமே கூடத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இதயம் சம்பந்தப்பட்ட ட்ரோபோனின் என்ற வரி வந்து, அது எல்லையைப்போல் நான்கைந்து மடங்கு இருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும்.

பயப்பட வேண்டுமா, வேண்டாமா? அந்த எண்ணை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. போன முறை எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் சொல்லலாம்.

சிறுநீரக நோயாளிக்கு இதயம் ஏன் இவ்வளவு முக்கியம்?

டயாலிசிஸ் செய்பவர்களின் மரணத்துக்கு ஆக அதிகமாகக் காரணமாவது இதய, ரத்தநாள நோய்கள். உலகின் எந்தப் பகுதிக் கணக்கை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. மற்றவர்களுக்கு மாரடைப்பு என்றால் பெரும்பாலும் கொழுப்பு அடைத்த ரத்தக்குழாய்தான் நினைவுக்கு வரும். டயாலிசிஸ் செய்பவர்களிடம் இதயத்துடிப்பு திடீரென நின்றுபோவது அதிகம். ஜெர்மனியில் நீரிழிவுள்ள டயாலிசிஸ் நோயாளிகள் 1,255 பேரைப் பல ஆண்டு கவனித்த '4டி' ஆய்வில், நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அப்படி நேர்ந்தது.

காரணங்கள் பல. உடலில் தேங்கும் நீரையும் உயர் ரத்த அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் சமாளித்து இதயத்தின் சுவர் தடித்துப்போகிறது. கனடாவில் 1990களில் வெளிவந்த ஓர் ஆய்வு, டயாலிசிஸ் தொடங்கும்போதே ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு இடது இதய அறைச் சுவர் தடித்திருந்ததைக் காட்டியது. கூடவே ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, பொட்டாசியம் ஏறி இறங்குகிறது, ரத்தசோகை வேறு. சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணம் நீரிழிவு. அதாவது, நம் நோயாளிகள் பலருடைய ரத்தக்குழாய்கள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அடிபட்டிருக்கும்.

பொது மருந்தகத்தில் வயது, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் கேட்டு 'அடுத்த 10 ஆண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு இவ்வளவு' என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு டயாலிசிஸ் நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டது இல்லை. அதனால்தான் ரத்தத்தில் வேறு துப்பு ஏதாவது கிடைக்குமா என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.

ட்ரோபோனின்: டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது ஏன் எப்போதும் கூடுதல்?

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் உடனே ரத்தம் எடுப்பது இதைப் பார்க்கத்தான்.

இப்போதுள்ள நுட்பமான 'ட்ரோபோனின் டி' பரிசோதனையில், ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 14 நானோகிராம் என்பது ஆரோக்கியமானவர்களுக்கான மேல் எல்லை. டயாலிசிஸ் செய்பவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இந்த எல்லைக்கு மேல்தான் இருப்பார்கள். மாரடைப்பு இல்லாமல், நெஞ்சுவலி இல்லாமல், சாதாரணமாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட.

சிறுநீரகம் அதை வெளியேற்றாததால் தேங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதை மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. தடித்த, களைத்த இதயத்திலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்பதே பெரிய காரணம். அதற்குச் சான்று, அந்த எண் எதிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதுதான்.

2005இல் 28 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இதயக் கோளாற்றின் அறிகுறி எதுவும் இல்லாத, சிறுநீரகம் செயலிழந்த 3,931 பேர் அவற்றில் இருந்தார்கள். ட்ரோபோனின் டி கூடுதலாக இருந்தவர்கள் அடுத்த சில ஆண்டில் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம். அதற்கு முன்பே, 2004இல், டயாலிசிஸ் நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்க அந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்திருந்தது.

ஆக, 'உங்களுக்கு அது எப்போதும் கூடத்தான் இருக்கும்' என்பதும் உண்மை. 'கூட இருந்தால் ஆபத்து அதிகம்' என்பதும் உண்மை. குடும்பத்தினர் குழம்புவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

அப்படியென்றால் நெஞ்சு வலிக்கும்போது எதை நம்புவது?

மாற்றத்தை.

மாரடைப்பில் ட்ரோபோனின் சில மணி நேரத்துக்குள் ஏறும், பிறகு இறங்கும். நாள்பட்ட கசிவில் அது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். எனவே மருத்துவர்கள் முதலில் ஒரு முறை, சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள். ஏற்கெனவே கூடுதலாக இருப்பவருக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அனைத்துலக மருத்துவ அமைப்புகள் வகுத்துள்ள அளவுகோல் அது.

ஓர் உதாரணம். உங்கள் அப்பாவுக்கு வழக்கமாக 60. மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போகிறார். முதல் எண் 62, மூன்று மணி நேரம் கழித்து 63. இது அவருடைய வழக்கமான அளவு. மூச்சுத்திணறலுக்கு வேறு காரணம் இருக்கலாம், உடலில் தேங்கிய நீராகக்கூட இருக்கலாம். அதே அப்பாவுக்கு முதலில் 62 வந்து, பிறகு 95 என்றால் கதையே வேறு.

அந்த 'வழக்கமாக 60' என்ற தகவல் மருத்துவர் கையில் இருந்தால் அவருக்கு எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு நாளில் எடுத்த எண்தான் அது. எல்லா டயாலிசிஸ் நிலையங்களிலும் ட்ரோபோனினை வாடிக்கையாக எடுப்பதில்லை. ஏற்கெனவே இதயக் கோளாறு இருப்பவர் என்றால், அப்படி ஓர் அடிப்படை எண் தேவையா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு விஷயத்தில் கவனம். ட்ரோபோனின் டி வேறு, ட்ரோபோனின் ஐ வேறு. மருத்துவமனைக்கு மருத்துவமனை பயன்படுத்தும் பரிசோதனை மாறலாம். ஓர் இடத்தில் எடுத்த டி எண்ணையும் இன்னோர் இடத்தில் எடுத்த ஐ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஏறிடுச்சு', 'இறங்கிடுச்சு' என்று பேச முடியாது.

எண்ணைவிட அறிகுறிக்கே முதலிடம். மாரடைப்பு வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் நெஞ்சுவலி இருந்தது என்று அமெரிக்காவின் பெரிய தரவு ஒன்று காட்டுகிறது. மற்றவர்களுக்கு மூச்சு வாங்குவது, திடீர் வியர்வை, குமட்டல், காரணமே தெரியாத அசதி. "டயாலிசிஸ் முடிஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்று படுத்துவிடுபவர்கள் உண்டு. வழக்கமான களைப்பிலிருந்து அது வேறு மாதிரி இருந்தால் 995ஐ அழையுங்கள். ஹெல்த்ஹப்பைத் திறந்து பழைய எண்ணைத் தேடுவதை ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கும்போது செய்யலாம்.

பிஎன்பி: இது நீரின் கதை

இதய அறைகள் நீரால் விரிந்து இழுபடும்போது சுரக்கும் ஹார்மோன் பிஎன்பி. அதன் உடன்பிறப்பு என்டி-ப்ரோபிஎன்பி. இரண்டும் இதயச் செயலிழப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுகின்றன. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இவையும் கூடுதலாகவே இருக்கும், என்டி-ப்ரோபிஎன்பி ஆயிரக்கணக்கில்கூடப் போகும்.

டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்த எண்ணும் முடிந்தபின் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுத்திருக்க வேண்டும், வழக்கமாக ஊசி குத்தியவுடன் இயந்திரம் ஓடத் தொடங்கும் முன். எண் மாதத்துக்கு மாதம் ஏறினால் 'டிரை வெயிட்' எனப்படும் உலர் எடையை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். எதிர்காலத்தைக் கணிப்பதைவிட இப்படி இன்றைக்கே ஒன்றைச் சரிசெய்ய வழிகாட்டுவதுதான் இதன் உண்மையான பயன் என்பது என் எண்ணம்.

கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தால் நல்லதுதானே?

இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டயாலிசிஸ் செய்பவர்களிடம் கொலஸ்ட்ரால் *குறைவாக* இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டின. மருத்துவர்களையே தலையைச் சொறிய வைத்த விஷயம் இது.

2004இல் அமெரிக்காவில் 823 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வு முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. உடலில் நாள்பட்ட அழற்சியோ ஊட்டச்சத்துக் குறைவோ இருந்தால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கிவிடும். ஆபத்து வருவது அந்த அழற்சியிலிருந்து. அவை இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பழைய விதியே திரும்பி வந்தது: கொலஸ்ட்ரால் கூடினால் ஆபத்தும் கூடியது.

எனவே அம்மாவின் கொலஸ்ட்ரால் எண் அழகாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைய முடியாது. அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா, எடை குறைகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

அதற்குக் கைகொடுப்பவை இரண்டு எண்கள். ஒன்று சிஆர்பி, அழற்சியைக் காட்டுவது. மற்றொன்று ஆல்புமின், ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம். டயாலிசிஸ் உலகில் ஆல்புமினுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1990இல் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ரத்த முடிவுகளை அலசியபோது, மரண ஆபத்தை ஆக வலுவாகச் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று இந்தச் சாதாரண, மலிவான பரிசோதனைதான். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை இருந்தவர்களுக்கே ஆபத்து கூடியிருந்தது. ரிப்போர்ட்டில் அது பெரும்பாலும் 'வழக்கமான அளவு' என்றுதான் இருக்கும்!

நம் வீடுகளில் இதில் ஒரு தனிச் சிக்கல். டயாலிசிஸ் தொடங்கும் முன் "புரதத்தைக் குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு அறிவுரை தலைகீழாகிறது: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்கள், அதிலும் சைவம் சாப்பிடுபவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகிறார்கள். முட்டையின் வெள்ளைக் கரு, தோஃபூ, மீன், கோழி என எது ஒத்துப்போகும் என்று டயாலிசிஸ் நிலையத்தின் உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.

ஆல்புமின் இறங்கச் சாப்பாடு மட்டுமே காரணம் இல்லை. பல்லில் சீழ், ஆறாத கால் புண், வடிகுழாயில் கிருமித்தொற்று எல்லாம் அழற்சியை உண்டாக்கி அதை இறக்கும். சிஆர்பி ஏறி, ஆல்புமின் இறங்கினால் எங்கேயோ ஏதோ புகைகிறது என்று அர்த்தம். பாதத்தைப் பாருங்கள், பல் மருத்துவரிடம் போய் வாருங்கள்.

எண்ணைக் குறைத்துவிட்டால் ஆபத்தும் குறையுமா?

குறையும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

மேலே சொன்ன 4டி ஆய்வு உண்மையில் ஒரு மருந்துச் சோதனை. அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையால் கெட்ட கொலஸ்ட்ரால் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஆனால் 2005இல் முடிவு வெளிவந்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2009இல் 'அரோரா' ஆய்வு, 2,700க்கும் அதிகமானவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தது. அதே முடிவு.

ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு பொருள். அது கூடினால் ஆபத்து என்று ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்து அதை ஏறக்குறைய கால்வாசி குறைத்தார்கள். உயிர்பிழைப்பில் மாற்றம் இல்லை.

எண் ஒரு புகை. புகையை விசிறி கலைத்தால் நெருப்பு அணைந்துவிடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கும்போது ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தொடரலாம் என்றுதான் 2013இன் அனைத்துலக வழிகாட்டி சொல்கிறது. புதிதாகத் தொடங்குவதைத்தான் அது வாடிக்கையாகப் பரிந்துரைப்பதில்லை. யாருக்கு எது என்பது மருத்துவர் முடிவு.

சரி, வீட்டில் என்ன செய்ய முடியும்?

கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நீரும் பொட்டாசியமும்.

டயாலிசிஸ் நடக்கும்போதே இதயத் தசையின் சில பகுதிகள் தற்காலிகமாகச் சோர்ந்துபோவதை பிரிட்டனில் 70 பேரிடம் செய்த ஆய்வு ஸ்கேனில் காட்டியது. மூவரில் ஏறக்குறைய இருவருக்கு அப்படி நேர்ந்தது. அதோடு தொடர்புடைய முக்கியக் காரணங்களில் ஒன்று, நீரை வேகமாக இழுப்பது. மணிக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுத்தவர்களிடம் மரண ஆபத்து அதிகமாக இருந்தது என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 60 கிலோ, டயாலிசிஸ் நேரம் 4 மணி. 13ஐ 60ஆல் பெருக்கினால் மணிக்கு 780 மில்லிலிட்டர். நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர். அதாவது, அவர் 3 கிலோவுக்குள் ஏறி வந்தால் எல்லைக்குள் இருக்கிறார். 4 கிலோ ஏறி வந்தால் இயந்திரம் வேகமாக இழுத்தாக வேண்டும், இல்லையென்றால் நேரத்தை நீட்டிக்க வேண்டும். "இன்னும் அரை மணி நேரம் உட்காருங்க" என்று தாதி சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அது உங்கள் இதயத்துக்காக.

டம்ளரில் குடிப்பது மட்டும் நீர் இல்லை. ரசம், மோர், கஞ்சி, தே தாரே, ஐஸ் கச்சாங் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைப்பது நடக்காத காரியம், தாகம் விடாது.

அடுத்தது, வாரத்தில் வரும் அந்த நீண்ட இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி போகிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும் டயாலிசிஸ் இல்லை. செவ்வாய், வியாழன், சனி போகிறவர்களுக்கு ஞாயிறும் திங்களும். அமெரிக்காவில் 32,000 நோயாளிகளைப் பார்த்த 2011 ஆய்வில், அந்த நீண்ட இடைவெளியை அடுத்து வந்த நாளில்தான் மரணங்களும் இதயக் கோளாற்றால் மருத்துவமனைக்குப் போவதும் கூடின. நீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும் நாள் அது. நம் கல்யாணங்களும் கோயில் விருந்துகளும் வருவது பெரும்பாலும் அந்த வார இறுதியில்தான்! இளநீர், வாழைப்பழம், டுரியான் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். (நட்சத்திரப் பழத்தை எந்த நாளும் தொடக்கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரக நோயாளிகளின் மூளையைப் பாதிக்கும்.) டயாலிசிஸுக்கு முன் எடுத்த பொட்டாசியம் 6ஐத் தாண்டினால் மருத்துவர் கவலைப்படுவார். அது இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது. ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து புரியும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அடுத்த சந்திப்பில் நேரம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டிலிருந்து ஆல்புமின் எந்தப் பக்கம் போகிறது? உலர் எடையைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? இதய ஸ்கேன் எடுத்து எவ்வளவு நாளாகிறது? இந்த மூன்றாவது கேள்வி முக்கியம். ட்ரோபோனினோ பிஎன்பியோ தொடர்ந்து ஏறினால், ஏன் என்று பார்க்க எக்கோ ஸ்கேன்தான் பெரும்பாலும் அடுத்த படி.

டயாலிசிஸ் அட்டையோடு ஒரு சிறு காகிதமும் இருக்கட்டும். அதில் உலர் எடை, டயாலிசிஸ் நாள்கள், சாப்பிடும் மருந்துகள், வழக்கமான ட்ரோபோனின் எண், அது டியா ஐயா, எந்தத் தேதியில் எடுத்தது என்று குறித்து வையுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்தால், இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் "இவருக்கு எப்பவுமே இவ்வளவுதானா?" என்று கேட்கும்போது காட்டலாம்.